கிணறு இறைத்த நாள்

பாக்கியம் அக்காவை நாங்கள் தேடிப் போனது பாசத்தால் அல்ல, ஆள் குறைந்ததால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வந்து, ஒக்லாந்துப் பெண்கள் எவ்வளவு பெரிய மனத்தோடு அவரை அழைத்துச் சேர்த்தார்கள் என்று கதை கட்டிவிடுவார்கள். எங்கள் சனம் அந்த வேலையில் வலு கெட்டி.

நாங்கள் என்றால், யாழ்ப்பாணத்துத் தையல்நாயகி மகளிர் கல்லூரியின் பழைய மாணவிகள். 1997இல் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஒன்பது பேர் இருந்தோம். சண்டை எங்களை ஆளுக்கொரு தேசத்துக்குத் துரத்தியிருந்தது. லண்டனில் பழைய மாணவிகள் கிளை இருந்தது, டொரன்டோவில் இருந்தது, சிட்னியில் இருந்தது. மெல்பேர்ணிலும் தொடங்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து குணவதி அக்காவுக்கு நித்திரை இல்லை. மெல்பேர்ண் கிளையின் தலைவி அவருடைய சொந்த மச்சாள்.

குணவதி அக்கா ஊரில் கணக்கு ரீச்சர். இங்கே விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற வேலை. தட்டு அடுக்கினாலும் ரீச்சர் ரீச்சர்தான். பாபடோயிட்டோயில் அவர் வீட்டுக்குப் போனால் நாங்கள் எல்லோரும் முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் கதிரையில் இருப்போம். கணவர் ஜெயரட்ணம் அண்ணை வாய் திறக்காத மனிதர். கார் ஓட்டுவது அவர் பொறுப்பு, கதைப்பது அக்காவின் பொறுப்பு என்று கல்யாணமான அன்றே பிரித்துக்கொண்டார்கள் போலும்.

தலைமைச் சங்கத்தின் விதிப்படி, பத்துப் பேர் கையெழுத்து வைத்தால்தான் அது ஒரு கிளை. 1998இல் கல்லூரிக்கு எழுபத்தைந்து வயது. அதற்கு முன் கிளையைத் தொடங்கி, கல்லூரியின் வரலாற்றையும் எழுதி, திறப்பு விழாவில் வாசித்துவிட்டு, ஆண்டு மலருக்கு அனுப்ப வேண்டும் என்பது குணவதி அக்காவின் திட்டம். எல்லாம் தயார். ஒரு ஆள் மட்டும் இல்லை.

"பத்தாவது ஆளுக்கு நான் எங்கை போறது? கோயிலில நேத்தி வைக்கட்டோ?" என்று ரெலிபோனில் என்னைப் பிடித்து ஏசினார். நான் அந்த ஒன்பது பேரில் கடைசி, பெயர் தயாளினி. ஏச்சு வாங்குவது கடைசிப் பிள்ளைகளின் பங்கு.

கல்லூரியின் வரலாறு உண்மையிலேயே பெருமைப்படக் கூடியதுதான். அந்தக் காலத்தில் பெண் பிள்ளை படிப்பதென்றால் பாதிரிமாரின் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், போனால் ஜெபமும் சேர்த்துப் படிக்க வேண்டும். விசாலாட்சி அம்மையார் என்ற ஒரு விதவை, தனக்குச் சீதனமாக வந்த காணியில் ஓலைக் கொட்டில் போட்டு, நாலைந்து பெட்டைகளை இருத்தி 'அரிவரி' என்ற முதல் வகுப்பைத் தொடங்கினார். ஊர் சிரித்தது. புருஷனைத் தின்றவளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு கேடா என்று கேட்டது. ஒருநாள் கொட்டிலுக்குக் கல்லெறிந்தது. அம்மையார் அடுத்த நாள் கதிரையைத் தூக்கி வந்து வாசல் படலையடியில் போட்டுக்கொண்டு அமர்ந்தார். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் தங்களுக்கென்று கட்டிய இடம் அது. 'பெண்கள் யாவர்க்கும் கல்வி' என்று பின்னாளில் வாசலில் எழுதினார்கள். அந்த 'யாவர்க்கும்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று மட்டும் எழுதவில்லை.

பத்தாவது ஆளைக் கண்டுபிடித்தவர் எங்கள் செயலாளர் பத்மாவதி அக்கா. ஒடாஹுஹுவில் ஒரு கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற பெண் தமிழில் விலை கேட்டாராம். எங்கள் சனம் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது கேள்வி ஊர், நான்காவது கேள்வி பள்ளிக்கூடம். ஊர் கேட்பது ஊரை அறிவதற்காக அல்ல, ஆளை அறிவதற்காக. அன்று அந்தப் பெண் தானாகவே, "தையல்நாயகியிலையும் கொஞ்ச நாள் படிச்சனான்" என்று சொல்லிவிட, சந்தோஷத்தில் பத்மாவதி அக்கா மற்றக் கேள்விகளை விட்டுவிட்டார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் அவர் விசாரணையை அரைவாசியில் நிறுத்தியிருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயரட்ணம் அண்ணையின் காரில் நாலு பேர், ஒக்லாந்துக்குத் தெற்கே அவர் இருந்த புக்கெகோஹிக்குப் போனோம். அங்கே மண் சிவப்பு. எங்கள் பக்கத்துத் தோட்ட மண்ணின் அதே சிவப்பு. வெங்காய மணம் நெடுஞ்சாலை வரைக்கும் வந்து அழைத்துப் போகும். பாக்கியம் அக்காவின் மகன் கீதன் அங்கே மரக்கறி பொதி செய்கிற இடத்தில் மேற்பார்வையாளர், அக்கா அதே கொட்டகையில் நல்லது கூடாதது பார்த்து வெங்காயம் தெரிகிறவர்.

கதவைத் திறந்தவர் எங்கள் எல்லோரையும் விடக் குள்ளம். நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்தார். தேத்தண்ணியும் மிக்சரும் வந்தன. குணவதி அக்கா எடுத்த எடுப்பிலேயே வருஷம் கேட்டார்.

"ஐம்பத்து மூண்டு, தை மாசம். ஆறாம் வகுப்பு" என்றார் பாக்கியம் அக்கா.

"ஐயோ, அது என்ர வகுப்பெல்லோ! ஏ பிரிவோ பி பிரிவோ?"

"ஏ."

"நானும் ஏ! எனக்கு உங்களை ஞாபகம் வரேல்லையே?"

"நான் ஒரு தவணைதான் இருந்தனான்."

"ஏன் விட்டனீங்கள்?"

"விட்டிட்டன்" என்று சொல்லிவிட்டு மிக்சர் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். குணவதி அக்காவுக்கு அது போதுமாயிருந்தது. வருஷம் சரி, வகுப்பு சரி, ஆள் சரி. திரும்பி வரும்போது காருக்குள் கல்லூரிக் கீதம் பாடினோம். ஜெயரட்ணம் அண்ணைகூட விரலால் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டார்.

மாசி மாதத்தில் குணவதி அக்கா வீட்டில் பத்துப் பேரும் கூடினோம். ஒக்லாந்து நகரத்தின் நடுவில் மின்சாரக் கேபிள்கள் பழுதாகி, கடைகள், கந்தோர்கள் எல்லாம் இருட்டில் கிடந்த நேரம் அது. நகரத்தில் நாங்கள் பதிந்து வைத்திருந்த மண்டபம் கைவிட்டுப் போய், ஒடாஹுஹுவில் வேறொன்று பிடித்திருந்தோம். அந்தப் புதினமெல்லாம் கதைத்து முடிய, குணவதி அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரலாற்றை வாசிக்கத் தொடங்கினார். ஓலைக் கொட்டில் வந்தது, கல்லெறி வந்தது, மாடிக் கட்டடம் வந்தது. பிறகு அவருடைய காலம் வந்தது.

"1953ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் எமது கல்லூரியின் நன்னீர்க் கிணறு இறைக்கப்பட்டது. அன்று எமக்குப் பாடங்கள் நடைபெறவில்லை. வாய்க்காலில் பெருக்கெடுத்து ஓடிய நீரில் காகிதத் தோணி விட்டு விளையாடினோம். எம் பள்ளிப் பருவத்தின் இனிமையான நாள் அதுவே."

வாசித்துவிட்டுச் சிரித்தார். "சட்டையெல்லாம் சேறு. வீட்டை போய் அடியும் வாங்கினனான். ஆனா என்ன சந்தோசம் அப்பா அண்டைக்கு!"

அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அப்படி ஒரு தண்ணி உலகத்தில் இல்லையாம். நியூசிலாந்துத் தண்ணியெல்லாம் அதற்குக் கிட்ட வராதாம். பாக்கியம் அக்கா ஆரவாரம் அடங்கும் வரைக்கும் காத்திருந்து, பிறகு கேட்டார்.

"குணவதி ரீச்சர், அண்டைக்கு ஏன் கிணறு இறைச்சவை எண்டு தெரியுமோ?"

"ஏன், கோடை வரமுந்தித் தூர் வாரிறதுதானே."

"இல்லை. அதுக்கு முதல் நாள் நான் அள்ளினதாலை."

ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு அந்த ஒரு வசனம் போதும்.

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். அவருடைய அப்பா சின்னத்தம்பி மரம் ஏறுகிறவர். சட்டப்படி எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்பதால் பள்ளிக்கூடம் அவரைச் சேர்த்தது. கடைசி வாங்கில் தனியே இருத்தியது. தண்ணீர் விடாய்த்தால் கிணற்றடிக்குப் போய்த் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனம் வைத்து அள்ளிக் கையில் ஊற்றினால் குடிக்கலாம். பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் எவரும் வரவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை துலாக் கயிற்றைப் பிடித்துத் தானே அள்ளியது. வாளி மேலே வந்து சேர்வதற்குள் ஒரு ரீச்சர் கண்டுவிட்டார்.

"வாளியைத் தட்டி விட்டா. ஒரு மிடறு குடிக்கேல்லை. அடுத்த நாள் விடிய யூனிபோம் போட்டுக்கொண்டு வந்தன். என்னைப் படலைக்கு வெளியால நிப்பாட்டிப்போட்டு அப்பரை மட்டும் கூப்பிட்டுக் கதைச்சவை. வாய்க்கால் தண்ணி ரோட்டு வரைக்கும் வந்தது. உள்ளுக்கை பிள்ளையள் கத்திக் கூத்தடிச்சுச் சிரிச்ச சத்தம் எனக்குக் கேட்டது. ஏன் சிரிக்கினம் எண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

குணவதி அக்கா கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

முதலில் வாய் திறந்தவர் பத்மாவதி அக்கா. "அதெல்லாம் அந்தக் காலம், விடுங்கோ. இஞ்ச வந்த இடத்தில இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?"

யார் பார்க்கிறார்களா? போன மாதம்தான் அவருடைய மகனுக்கு வெலிங்டனிலிருந்து ஒரு டொக்டர்ப் பெட்டை பேசி வந்தது. பத்மாவதி அக்கா லண்டனுக்கும் கொழும்புக்கும் போன் போட்டு, பெட்டையின் பூட்டன் காலம் வரைக்கும் தோண்டி, "எங்களுக்குச் சரிவராது" என்று திருப்பி அனுப்பியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் அன்று கண்ணால் பார்த்தேன்.

"நான் சண்டை பிடிக்க வரேல்லை" என்றார் பாக்கியம் அக்கா. "நீங்கள் வரலாறு எழுதிறியள். அந்த நாளையும் எழுதியிருக்கிறியள். அதில மிச்சத்தையும் எழுதுங்கோ. என்ர பேரைப் போட்டு எழுதி, சபையில வாசியுங்கோ. அப்ப நான் கையெழுத்து வைக்கிறன்."

அன்று அவரைப் புக்கெகோஹியில் கொண்டுபோய் விட்டது நான். வழியில் தன் மிச்சக் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா அடுத்த மாதமே அவரைச் சைக்கிளில் ஏற்றி, தூரத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தார். தினமும் ஏற்றிப் போய், ஏற்றி வந்தார். படித்து மருத்துவிச்சி ஆனார். முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம். கிணற்றடிக்கு விடாத வீடுகளில், பிறந்த பிள்ளையை முதலில் தொட்டது இவருடைய கைதான். வலி வந்த நேரத்தில் முன்வாசலால் கூப்பிடுவார்களாம், பிள்ளை பிறந்த பிறகு தேத்தண்ணி பின்வாசலில் வருமாம், அதுவும் சிரட்டையில். "நான் குடிக்கிறேல்லை. தாயும் பிள்ளையும் சுகம் எண்டு சொல்லிப்போட்டு வந்திடுவன்" என்றார். புருஷன் எண்பத்தேழில் ஷெல் விழுந்து செத்துப் போனார். கீதன் முதலில் இங்கே அகதியாக வந்து, பிறகு தாயைக் கூப்பிட்டான். மருத்துவிச்சிச் சான்றிதழ் இந்த நாட்டில் செல்லுபடியாகவில்லை. வெங்காயத்துக்குச் சான்றிதழ் தேவையில்லை.

"அப்ப ஏன் அக்கா பத்மாவதி அக்காவிட்டை தையல்நாயகி எண்டு சொன்னனீங்கள்? சொல்லாமல் விட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"ஏன் சொல்லாமல் விடுறது? அப்பர் காசு சேர்த்து வெள்ளைத் துணி வாங்கித் தைச்சுத் தந்தவர். அதைப் போட்டுக்கொண்டு போய்ப் படிச்சனான். நான் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைதான்." பிறகு, "என்னோடை வெங்காயம் தெரியிற மேரே எண்டு ஒரு மாவோரி மனிசி. அவ சின்னனா இருக்கேக்கை, இந்தப் புக்கெகோஹிச் சினிமாவில அவையளை மேல்மாடியில இருக்க விடுறேல்லையாம். சலூனில தலைமயிர் வெட்டிறேல்லையாம். தேத்தண்ணி நேரத்தில, வெள்ளைக்காரரை வைச்சுக்கொண்டே சொல்லுவா. வெக்கம் எங்களுக்கில்லை, செய்தவைக்குத்தான் எண்டுவா. நான் ஏன் நாப்பத்தைஞ்சு வருஷமா வாயை மூடிக்கொண்டு இருந்தனான் எண்டு யோசிச்சன்" என்றார்.

பத்மாவதி அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. இரண்டு கிழமைக்குள் கஜந்தினி என்ற பெட்டையைக் கொண்டு வந்தார். தொண்ணூற்றைந்துச் சண்டையில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது வெளிக்கிட்டு, கொழும்பில் நின்று, கல்யாணம் முடித்து வந்த பிள்ளை. தையல்நாயகியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். "பத்து ஆள் சரி. இனி அவ தேவையில்லை. வரலாற்றில அவ எழுதச் சொன்ன பந்தியும் தேவையில்லை" என்றார் பத்மாவதி அக்கா. வேறு இரண்டு பேர் அவர் பக்கம். அந்தப் பந்தி வந்தால் தாங்கள் மூவரும் விலகுவோம் என்றும் சொன்னார்கள். வாசித்தால் கிளை இல்லை, வாசிக்காவிட்டால் கிளை உண்டு. இவ்வளவுதான் குணவதி அக்காவின் முன்னால் இருந்த கணக்கு. மச்சாளோ மெல்பேர்ணிலிருந்து, "என்ன, இன்னும் தொடங்கேல்லையோ?" என்று கிழமைக்கு ஒருக்கால் போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பின்னேரம் குணவதி அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் ஏச்சு இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"தயா, எனக்கு அந்தப் பிள்ளையை ஞாபகம் வந்திட்டுது. கடைசி வாங்கில தனிய இருந்தவ. உயரமான பிள்ளை, முன்னுக்கு இருத்தினா மற்றவைக்கு மறைக்கும், அதுதான் பின்னால இருத்தியிருக்கினம் எண்டு நான் இவ்வளவு காலமும் நினைச்சிருக்கிறன். நீ பாத்தனிதானே, அவ எங்கள் எல்லாரிலயும் கட்டை. நான் கணக்கு ரீச்சரடி. என்ர கண்ணுக்கு முன்னால இருந்ததை ஒருநாளும் கூட்டிப் பாக்கேல்லை." அதற்குப் பிறகு அழுகிற சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது. இருவரும் ரெலிபோனை வைத்தோம்.

வாசிக்கப் போகிறாரா இல்லையா என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தபடியால் பந்தியை எடுத்துவிட்டார் என்று பத்மாவதி அக்கா முடிவு கட்டிவிட்டார்.

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை விழா. ஒடாஹுஹு மண்டபத்தில் நிறைகுடம் வைத்து, வாழை இலைக்கு அலைந்து திரிந்து, கடைசியில் ஒரு ஃபீஜிக்காரர் வீட்டு வளவில் வெட்டி வந்து கட்டினோம். நூறு பேர் வரை வந்திருந்தார்கள். குணவதி அக்கா மேடைக்குப் போகாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாக்கியத்துக்குச் சொன்னனீங்கள்தானே?" என்று, அழைப்புச் சொல்லும் பொறுப்பில் இருந்த பத்மாவதி அக்காவிடம் கேட்டார்.

"சொல்லாமல் விடுவனே?" என்றார் பத்மாவதி அக்கா.

காத்திருந்தோம். நாலு மணிக்கு மண்டபத்தை விட வேண்டும் என்று ஜெயரட்ணம் அண்ணை மெல்ல நினைவூட்டினார். குணவதி அக்கா மேடைக்கு ஏறினார். ஓலைக் கொட்டிலுக்கும் கல்லெறிக்கும் சபை கை தட்டியது. 1953 வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த வருடம் பங்குனியில் எமது கல்லூரிக் கிணறு இறைக்கப்பட்டது. தாகம் தாங்காமல் ஒரு மாணவி தன் கையால் நீர் அள்ளினாள் என்பதே காரணம். அவள் பிறந்த சாதியைச் சொல்லி அவளை எமது கல்லூரி வெளியேற்றியது. அவள் படலைக்கு வெளியே நின்றபோது, அவளுடைய வகுப்புப் பிள்ளைகளான நாங்கள் அந்த நீரில் விளையாடிக்கொண்டிருந்தோம். பெண்கள் யாவர்க்கும் கல்வி என்று எழுதிய எமது கல்லூரி செய்த அநியாயம் இது. அதை எழுதாமல் எமது வரலாற்றை எழுத எனக்கு உரிமை இல்லை."

ஒருவரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் நாலைந்து ஆண்கள் ஏதோ அவசர வேலை வந்தவர்கள் மாதிரி எழுந்து கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார்கள். பத்மாவதி அக்காவும் மற்ற இருவரும் எழுந்தார்கள். போகிற போக்கில் பத்மாவதி அக்கா தான் சமைத்துக் கொண்டுவந்த பாயாசப் பானையையும் மூடித் தூக்கிக்கொண்டு போனார். கோபத்திலும் பாத்திரத்தை மறக்காத பெண்மணி. கதவடியில் நின்று, "அவவுக்கு நான் சொல்லவும் இல்லை. என்னத்துக்குச் சொல்லவேணும்?" என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஏழு பேர் மிஞ்சினோம். தையல்நாயகியின் ஒக்லாந்துக் கிளை என்ற ஒன்று அந்த நிமிஷத்திலேயே இல்லாமல் போனது. எனக்கு அதில் துளி கவலையும் இருக்கவில்லை. எரிச்சல் இருந்தது, பாயாசத்துக்காகவும் கொஞ்சம்.

குணவதி அக்கா நேரே காருக்குப் போனார். நானும் ஏறினேன். ஜெயரட்ணம் அண்ணை புக்கெகோஹிக்குக் காரை ஓட்டினார்.

பாக்கியம் அக்கா அப்போதுதான் சனிக்கிழமை வேலை முடிந்து வந்திருந்தார். மேலங்கி முழுக்க வெங்காயச் சருகு. பட்டுச் சேலையோடு எங்களைக் கண்டதும் புரிந்துகொண்டார்.

"இண்டைக்கோ விழா?"

"உங்களுக்குச் சொல்லியிருக்கினம் எண்டு நினைச்சுப் போட்டன்" என்றார் குணவதி அக்கா. "நான் வாசிச்சிட்டன், பாக்கியம். எல்லாரையும் வைச்சுக்கொண்டு வாசிச்சிட்டன். மூண்டு பேர் எழும்பிப் போட்டினம். போகட்டும்."

நன்றி சொல்வார், அல்லது அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. பாக்கியம் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பவும் என்னைப் படலைக்கு வெளியால விட்டிட்டுத்தான் உள்ளுக்கை எல்லாம் நடத்தினவை. இப்பவும் அப்பிடித்தான்."

குணவதி அக்காவின் முகம் செத்துப் போனது. அவர் செய்தது சின்னக் காரியம் இல்லை, எனக்குத் தெரியும். மச்சாளையும் கிளையையும் தன் மரியாதையையும் சேர்த்து ஒரே நாளில் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஆனாலும் பாக்கியம் அக்கா சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை.

"தாள் இருக்கோ?" என்று கேட்டார் பாக்கியம் அக்கா.

"இருக்கு."

"உள்ளுக்கை வாங்கோ. வாசியுங்கோ."

குசினி மேசையடியில் கீதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்து கை கழுவிவிட்டு வந்து சுவரோடு நின்றான். குணவதி அக்கா கதிரையில் இருக்கவில்லை. நின்றுகொண்டே, மண்டபத்தில் வாசித்த அதே குரலில் வாசித்தார். இரண்டாவது வசனத்தில் பாக்கியம் அக்கா கையைக் காட்டி மறித்தார்.

"எந்த மாணவி?"

"என்ன?"

"ஒரு மாணவி எண்டு கிடக்கு. எந்த மாணவி? நான் பேரைப் போடச் சொன்னனான்."

குணவதி அக்கா தடுமாறினார். "உங்கட நன்மைக்குத்தான் விட்டனான், பாக்கியம். நூறு பேர் இருந்த சபை. எல்லாம் எங்கட சனம். நாளைக்குக் கீதனுக்கு ஒரு கலியாணம் பேசேக்கை..."

"உங்கட நன்மைக்கு எண்டுதான் அண்டைக்கும் அப்பருக்குச் சொன்னவை. பிள்ளை இஞ்ச கஷ்டப்படும், வேற பள்ளிக்கூடத்தில விடுங்கோ எண்டு" என்றார் பாக்கியம் அக்கா. பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார். "கீதன், பேரைப் போடட்டோ?"

கீதன் மனம் விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "போடச் சொல்லுங்கோ அம்மா. அதைக் கேட்டிட்டு வராத பொம்பிளை எனக்கு ஏன்?"

குணவதி அக்கா கைப்பையைத் திறந்து பேனையை எடுத்தார். மேசையில் குனிந்து, 'ஒரு மாணவி' என்பதை வெட்டினார். மேலே எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. இத்தனை வருஷம் கரும்பலகையில் நேர்க்கோடு போட்ட கை. பிறகு நிமிர்ந்து, முதலிலிருந்து வாசித்தார்.

"அந்த வருடம் பங்குனியில் எமது கல்லூரிக் கிணறு இறைக்கப்பட்டது. தாகம் தாங்காமல், ஆறாம் வகுப்பு ஏ பிரிவு மாணவி, சின்னத்தம்பி பாக்கியம்..."

அதற்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை. பாக்கியம் அக்கா மேலங்கியின் சருகைத் தட்டிவிட்டு, நேராக நின்றார்.

"ஓம்" என்றார். "அது நான்தான். மிச்சத்தை வாசியுங்கோ."